ரிவ்யூ முடிந்தது, முடிவு எங்கே?

போன வாரம் மதுரை வடபழஞ்சியில் ஒரு புது சாஃப்ட்வேர் டீமின் ஸ்பிரிண்ட் ரிவ்யூவில் உட்கார்ந்திருந்தேன். ஸ்பிரிண்ட் என்பது சில வார வேலைச் சுற்று; அதன் முடிவில் செய்ததைக் காட்டிக் கருத்துக் கேட்கும் கூட்டம்தான் ரிவ்யூ. 22 ஸ்லைடு, எல்லாம் பச்சை, கடைசியில் கைதட்டல். நான் ஒரு காலத்தில் அடித்த அதே கூத்து. லேட்டாக வருவது, மீட்டிங்கில் போன் நோண்டுவது எல்லாம் நீங்களே திருத்திக்கொள்வீர்கள். கீழே இருக்கும் நாலு தப்பும் அப்படியில்லை.

ரிவ்யூவைக் காட்சியாக நடத்துவது

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் ஒருவருக்குப் பில்லிங் ஆப் செய்துகொண்டிருந்தோம். ரெண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரிண்ட். ஒவ்வொரு ரிவ்யூவுக்கும் அந்தக் கடைக்கார அண்ணன் ஆபீஸுக்கு வருவார், டீ குடிப்பார், "நல்லாருக்கு தம்பி" என்று கிளம்பிவிடுவார். அதை ஒப்புதல் என்று எழுதி வைத்தேன்.

ஐந்தாவது ஸ்பிரிண்டில்தான் ஆப்பைக் கடைக்குக் கொண்டுபோனோம். முகூர்த்தத்துக்கு முந்தின நாள், விடியற்காலை. ஆறு மணிக்கு மல்லி ஒரு விலை, ஏழு மணிக்கு வேறு விலை. எங்கள் ஆப்பிலோ ஒரு பூவுக்கு நாள் முழுக்க ஒரே விலை. விலையை மாற்றினால் அதற்கு முன் போட்ட பில்லெல்லாம் சேர்ந்து மாறியது. அண்ணன் திட்டவில்லை. ஈரக் கையைத் துண்டில் துடைத்துவிட்டுப் பழைய சிட்டையை எடுத்தார். "நீங்க கேக்கவே இல்லையே தம்பி."

டேட்டாபேஸ் வரை பிரித்துக் கட்ட மூன்று ஸ்பிரிண்ட் போனது. இன்னும் எரிச்சலாக இருக்கிறது. இரண்டாவது ஸ்பிரிண்டிலேயே ஆப்பை அவர் கையில் கொடுத்து ரெண்டு பில் போடச் சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும். ரிவ்யூ என்பது வேலை நடக்கிற கூட்டம், வெறும் பிரசன்டேஷனாகச் சுருக்காதீர்கள் என்று, இப்படி ஸ்பிரிண்டுகளாக வேலை செய்யும் ஸ்கிரம் முறைக்கான 2020 கையேடே சொல்கிறது. ஒரு மாத ஸ்பிரிண்டுக்கு 4 மணி நேரம் வரை அனுமதிக்கிறது. நாங்களோ அரை மணியில் முடித்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

இப்போதெல்லாம் ரிவ்யூ அழைப்பிலேயே அன்றைக்கு எடுக்க வேண்டிய முடிவைக் கேள்வியாக எழுதிவிடுகிறேன்: "ஒரு நாள் முழுக்க ஒரே விலை போதுமா?" பதில் கிடைத்ததும் பேக்லாகை, அதாவது செய்ய வேண்டிய வேலைப் பட்டியலை, அங்கேயே மாற்றிவிடுகிறோம்.

"90 சதவீதம் முடிந்தது"

அப்படிச் சொன்னால் வேலை இன்னும் முடியவில்லை என்றுதான் அர்த்தம்.

முடிவெடுப்பவர் வராத ரிவ்யூ

தள்ளி வையுங்கள். தனக்குப் பதிலாக மச்சானை அனுப்புவார்கள். அவருக்கு டீ மட்டும் கொடுங்கள்.

எங்கே நிறுத்துவது என்று முதலிலேயே பேசாதது

காசு போட்ட பிறகு நிறுத்த யாருக்கும் மனசு வராது. அதனால் தொடரலாமா, திசை மாற்றலாமா, விட்டுவிடலாமா என்று பார்க்கும் நாளையும் அளவுகோலையும் வேலை தொடங்கும்போதே குறித்துவிடுகிறோம். பூக்கடைக்குப் பிறகு எங்கள் அளவுகோல் இதுதான்: மூன்றாவது ஸ்பிரிண்ட் முடிவில், எங்களை எதுவும் கேட்காமல் கடைக்காரர் பத்து பில் போட வேண்டும். ஒன்பதாவது பில்லில் மாட்டிக்கொண்டாலும் புது வசதி எதையும் தொடுவதில்லை.