எடிட்டர் லைப்ரரி: தேர்வின்போது நேரும் தவறுகள்

வலைச்செயலிக்கு ரிச் டெக்ஸ்ட் எடிட்டர் (தடித்த எழுத்து, பட்டியல் போன்ற வடிவங்களோடு எழுதும் பெட்டி) தேவைப்படும்போது பெரும்பாலான குழுக்கள் அதற்கென ஆயத்தமாகக் கிடைக்கும் நிரல்தொகுப்பான லைப்ரரியின் டெமோ பக்கத்தைத் திறந்து, நான்கு ஆங்கில வரிகளைத் தட்டிப் பார்த்து, டூல்பார் அழகாக இருக்கிறதென்று முடிவெடுத்துவிடுகின்றன. பெங்களூரில் தமிழிலும் கன்னடத்திலும் எழுதுவோருக்காகச் செயலி அமைத்த நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். மடிக்கணினியில் குறை எதுவும் தெரியவில்லை. அல்சூரில் குடியிருக்கும் பெரியவர் ஒருவர் தம் ஆண்ட்ராய்டு கைபேசியில் தமிழில் எழுத முனைந்ததும் எழுத்துகள் இரட்டித்தன, கர்சர் வரியின் தொடக்கத்துக்குத் தாவியது.

ஆண்ட்ராய்டு கீபோர்டுகள், எந்த விசையைத் தொட்டாலும், பெரும்பாலும் 229 என்ற ஒரே எண்ணையே உலாவிக்குத் தருகின்றன. சொல் உறுதியாகும்வரை அது தற்காலிக நிலையில் நிற்கும். அந்த நேரத்தில் திரையை மறுபடி வரைகிற லைப்ரரி தடுமாறத்தான் செய்யும். ஆகவே முதல் சோதனையே விலை குறைந்த கைபேசியில், தமிழில் நடக்க வேண்டும். எழுத்து வரம்பு விதிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ‘தமிழ்’ என்ற சொல் நமக்கு மூன்றெழுத்து, உலாவியில் இயங்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டின் லெங்த் (நீளம்) கணக்கில் 5. புள்ளிக்கும் கொம்புக்கும் சேர்த்து வரம்பு வைத்தால் தமிழில் எழுதுபவருக்கு இடம் வெகுவாகக் குறைந்துவிடும்.

உரிமத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மறந்துவிடுவது அடுத்த தவறு. கட்டுப்பாடு மிகக் குறைந்த எம்ஐடி உரிமத்தில் இருந்த டைனிஎம்சிஇ என்ற எடிட்டர், 2024-இல் வந்த 7-ஆம் பதிப்பிலிருந்து ஜிபிஎல்லுக்கு (அதைச் சேர்த்து வெளியிடும் மென்பொருளின் மூலநிரலையும் திறந்துவைக்கக் கேட்கும் உரிமத்துக்கு) மாறியது; பதிப்பை உயர்த்துகிறவர் இதைப் படிக்காமல் உயர்த்தக் கூடாது. பராமரிப்பும் அப்படியே: மெட்டா 2022-இல் லெக்சிகல் என்ற புதிய எடிட்டரை வெளியிட்ட பின் தன் பழைய எடிட்டரான டிராஃப்ட் ஜேஎஸ்ஸைக் கைவிட்டது.

எழுதியதை வலைப்பக்கக் குறிமொழியான எச்டிஎம்எல்லாகவே சேமித்துவிட்டு, எடிட்டரே தீங்கான ஸ்கிரிப்டுகளை நீக்கிவிடும் என்று நம்பியிருப்பதுதான் எனக்கு மிகவும் அச்சம் தருவது. எடிட்டர் இயங்குவது பயனரின் உலாவியில். தாக்க நினைப்பவர் அதைத் தொடாமலே சர்வருக்கு நேரடியாக அனுப்பலாம் என்பதால், வடிகட்டுவது சர்வரிலும் நடந்தாக வேண்டும். புரோஸ்மிரர், அதன்மேல் கட்டப்பட்ட டிப்டாப் போன்ற எடிட்டர் லைப்ரரிகள் ஆவணத்தை ஜேசான் (கூறுகூறாகப் பிரித்த தரவு) வடிவிலும் தருகின்றன. எந்தெந்தக் கூறுகளுக்கு இடமுண்டு என்பதை அவற்றின் ஸ்கீமாவில் (ஆவண அமைப்பு விதிகளில்) வரையறுத்துவிட்டால், வேர்டிலிருந்து ஒட்டப்படும் தேவையற்ற குப்பை பெரும்பாலும் உள்ளே வருவதில்லை.