எஸ்டிஎல்2 எஞ்சினில் தமிழும் ஏற்கும் உரைப்பெட்டி

கேம் எழுத உதவும் நூலகமான எஸ்டிஎல்2-ஐக் கொண்டு கட்டிய சொந்த கேம் எஞ்சினில் பெயர் கேட்கவோ சாட் வைக்கவோ உரைப்பெட்டி எழுதுகிறவர்கள் பலரும் முதலில், விசை அழுந்தும்போது வரும் கீடவுன் நிகழ்விலிருந்து எழுத்தை எடுக்கப் பார்ப்பார்கள். ஆங்கிலத்துக்கே அது சரிவராது. எந்த விசை அழுந்தியது என்பதுதான் கீடவுனுக்குத் தெரியும். தமிழ்99 விசைப்பலகையில் அதனால் என்ன எழுத்து விழுந்தது என்று தெரியாது. எழுத்துகளை டெக்ஸ்ட்இன்புட் நிகழ்விலிருந்து வாங்குங்கள். பேக்ஸ்பேஸ், என்டர், அம்புக்குறிகளுக்கு மட்டும் கீடவுன் போதும்.

பெட்டி நினைவில் வைக்க வேண்டியவை நான்கு: யுடிஎஃப்-8 முறையில் பைட்டுகளாக வைத்த எழுத்துச் சரம், கர்சர் நிற்கும் பைட், ஃபோகஸ் (தட்டுவது இந்தப் பெட்டிக்கு வரும் நிலை) உண்டா இல்லையா, இன்னும் முடிவாகாத எழுத்து. கடைசியானது டெக்ஸ்ட்எடிட்டிங் நிகழ்வில் வரும். அது காலியாக இல்லாதவரை என்டரையும் பேக்ஸ்பேஸையும் தொடாதீர்கள். அப்போது அவை, தட்டுவதை எழுத்தாக்கித் தரும் மென்பொருளான உள்ளீட்டு முறைக்குச் சொந்தம்.

ஃபோகஸ் வந்ததும் ஸ்டார்ட்டெக்ஸ்ட்இன்புட்டையும், போனதும் ஸ்டாப்டெக்ஸ்ட்இன்புட்டையும் அழையுங்கள். கணினியில் அழைக்காமலே வேலை செய்வதுபோல் தெரியும், ஏனென்றால் எஸ்டிஎல்2 அங்கே உள்ளீட்டைத் தானே திறந்து வைக்கிறது. ஆண்ட்ராய்டில் விசைப்பலகை எழும்பாதபோதுதான் குட்டு வெளிப்படும். அடுத்த பதிப்பான எஸ்டிஎல்3-இல் எங்குமே தானாகத் திறக்காது. விண்டோவையும் சேர்த்துக் கொடுத்து அழைக்க வேண்டும்.

ஃபோகஸ் உள்ளபோது கீடவுனை கேமுக்கு அனுப்பாமல் நிறுத்தினால் மட்டும் போதாது. கெட்கீபோர்டுஸ்டேட் வழியாக நேரடியாக விசை பார்க்கும் நகர்வுக் குறியீட்டையும் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் சாட்டில் தட்டும்போதே பாத்திரம் ஓடத் தொடங்கும். ‘டி’ விசையால் சாட்டைத் திறக்கும் கேமில் பெட்டிக்குள் ஒரு ‘டி’ விழுந்து கிடக்கும். கீடவுனுக்குப் பின்னாலேயே அதன் எழுத்து நிகழ்வும் வருவதுதான் காரணம். பெட்டி திறந்த அந்த ஃபிரேமின் எழுத்துகளைக் கழித்துவிடுங்கள். பேக்ஸ்பேஸை அழுத்திப் பிடித்தும் ஒரு எழுத்துதான் அழிகிறதா? பிடித்திருக்கும்போது திரும்பத் திரும்ப வரும் ரிபீட் நிகழ்வுகளை எஞ்சின் எங்கோ வடிகட்டுகிறது.

இனி தமிழ். ‘கொற்றவை’ என்பதில் எழுத்து 4, குறியீட்டுப் புள்ளி (யூனிகோட் தனி எண் தரும் துண்டு) 7, பைட் 21. பெயருக்கு 12 எழுத்து வரம்பு என்றால் பைட்டை எண்ணக் கூடாது. கர்சரை நகர்த்தும்போது 10 என்ற பிட்டுகளில் தொடங்கும் பைட்டுகளைத் தாண்டிப் போவது முதல் படி. அடுத்து வருவது உயிர்மெய்க் குறியோ மெய்யின் மேல் புள்ளியோ என்றால் (யூனிகோட் எண் 0பிபிஇ முதல் 0பிசிடி வரை, கூடவே 0பிடி7) அதையும் தாண்டுங்கள். யூனிகோட் விதிப்படி ‘க்ஷ’ இரண்டு துண்டு. எழுத்துருவோ ஒன்றாக வரையும். அதைத் தனி விதிவிலக்காக வைக்காவிட்டால் கர்சர் எழுத்தின் நடுவில் நிற்கும்.

பேக்ஸ்பேஸ் வேறு. ‘கொ’வில் அதை அழுத்தினால் கொம்பும் காலும் போய் ‘க’ மிஞ்சுவதே தமிழில் தட்டுகிறவர்களுக்குக் கைப்பழக்கம். ஆகவே ஒரு குறியீட்டுப் புள்ளி மட்டும் அழியட்டும். டெலீட் முழு எழுத்தையும் எடுக்கலாம்.

கர்சரின் இடத்தைக் கண்டுபிடிக்க, சரத்தின் தொடக்கத்திலிருந்து கர்சர்வரை உள்ள பகுதியின் அகலத்தை அளப்பது வழக்கம். உயிர்மெய்யின் நடுவில் வெட்டினால் அளவு தப்பும், ‘கெ’யில் கொம்பு முன்னால் வருகிறதே. கொம்பே எழுத்துக்குப் பின்னால் விழுந்தால் கோளாறு பெட்டியில் இல்லை. எழுத்தை வரையும் எஸ்டிஎல்_டிடிஎஃப் நூலகம், குறிகளைச் சரியான இடத்தில் அடுக்கும் ஹார்ஃப்பஸ் இல்லாமல் கட்டப்பட்டிருக்கிறது.

ஒட்டும் வசதி கடைசியில். கெட்கிளிப்போர்டுடெக்ஸ்ட் தரும் சரத்தில் வரிமுறிவுகளை நீக்கி, வரம்புக்குள் முழு எழுத்தாக வெட்டி, வேலை முடிந்ததும் எஸ்டிஎல்_ஃப்ரீயால் விடுவியுங்கள்.