தரவு வராமலே விழித்த திரெட்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில், செம்பனைக் குலை நிறுக்கும் மேடையில் லோரி ஏறாமலே பழைய எடை பதிவானது. ஆள்களின் கூலி அந்த எடையில்தான், விட மனமில்லை.

எடைக்கருவியோடு வந்த லினக்ஸ் டிரைவரின் கெர்னல் திரெட் (கெர்னலுக்குள் தனியாக ஓடும் வேலை; தரவு வரும்வரை தூங்க வேண்டியது), தரவு வராமலே விழித்து, பழைய எடையையே மறுபடி பதிந்தது. எழுப்புவது எது என்று பார்க்க, கெர்னலின் தடம் பதியும் கருவியான எஃப்ட்ரேஸில், திரெட்டை எழுப்பும்போது வரும் ஸ்கெட்_வேக்கிங் நிகழ்வுக்கு ஸ்டேக்டிரேஸ் டிரிகர் போட்டேன்; எந்த ஃபங்ஷன் வழியாக அங்கே வந்தது என்று அது காட்டும். ஸ்கெட்_வேக்கிங் எப்போதும் எழுப்புகிற பக்கத்திலேயே பதிவாகும். திரெட் விழித்தபின் வரும் ஸ்கெட்_வேக்கப் நிகழ்வில் அந்த உறுதி கிடையாது. திரெட் தூங்கிக் காத்திருக்கும் அதே வரிசையை, அதாவது வெயிட் கியூவைப் பகிர்ந்த விளக்கு டைமர் சிக்கியது.

டைமரைப் பிரித்தால் மட்டும் போதாது, வேறு எதுவும் எழுப்பலாம். ‘தரவு வந்ததா’ என்ற நிபந்தனையை ‘இஃப்’ போட்டு ஒரே முறை பார்த்த இடத்தை வெயிட்_ஈவென்ட்_இன்டரப்டிபிள் ஆக்கினேன்; விழிக்கும்போதெல்லாம் சரிபார்த்து, பொய்யென்றால் மறுபடி தூங்கிவிடும். திரெட்டை நிறுத்தச் சொல்லியாயிற்றா என்று பார்க்கும் கேதிரெட்_ஷுட்_ஸ்டாப்பையும் நிபந்தனையில் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் டிரைவர் மாட்யூலைக் கழற்றும்போது அப்படியே நின்றுவிடும்.