தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் கிடங்கிலிருந்து வந்த பழைய பம்பின் முன்னால் உப்புத்தாளோடு உட்கார்ந்திருந்தார். கையைப் பிடித்து நிறுத்தினேன். என்னை அந்தக் காலத்தில் யாரும் நிறுத்தவில்லை. கையுறை போடு, எடை தெரியாமல் தூக்காதே என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிடுவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பளபளப்பாக்குவது

எனக்கு முதலில் வாய்த்தது ஒரு லேத். துருவும் எண்ணெய்ப் பிசுக்குமாக இருந்தது. இரண்டு நாள் தேய்த்து, பச்சைப் பெயிண்ட் அடித்து, தேய்ந்த கைப்பிடியைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டினேன். மூத்தவர் வந்து பார்த்துவிட்டு, "பழைய பிடி எங்கப்பா?" என்று மட்டும் கேட்டார். குப்பைக்குப் போயிருந்தது. அது ஒரு பக்கமாகவே தேய்ந்திருந்தது. எத்தனையோ வருடம் யாரோ ஒரே மாதிரி பிடித்துச் சுழற்றியதற்கு வேறு சாட்சி கிடையாது.

பெயிண்டும் அப்படித்தான். பின்னால் மாற்றிய பாகத்தில் பழைய அடுக்குகள் இருக்காது. அதை வைத்தே எது அசல் என்று கண்டுபிடித்திருக்கலாம். சுரண்டியதை யார் ஒட்டுவது? பழைய பெயிண்டில் பெரும்பாலும் ஈயம் வேறு இருக்கும். அந்தத் தூசியை முகமூடி இல்லாமல் இழுத்ததும் நான்தான். இன்றும் எரிச்சலாக வருகிறது.

துருவை நிறுத்துவது வேறு, புதுசாக்குவது வேறு. 'ராக்கெட்' என்ற பழைய நீராவி ரயில் என்ஜினைப் பாருங்கள். 1829-இல் இங்கிலாந்தின் ரெயின்ஹில்லில் நடந்த ரயில் என்ஜின் போட்டியில் ஜெயித்தபோது அதன் சிலிண்டர்கள் செங்குத்தான சரிவில் இருந்தன. ஓடிய காலத்திலேயே அவற்றைக் கிட்டத்தட்டப் படுக்கைவசமாக இறக்கிவிட்டார்கள். 1862-இல் லண்டனில் ஓர் அருங்காட்சியகத்துக்கு வந்தது அந்த மாறிய உருவம்தான்; சிலிண்டர்கள் இன்றும் இறக்கிய நிலையில்தான் இருக்கின்றன. போட்டிக் கால உருவத்தைக் காட்ட 1979-இல் தனியாக ஒரு நகல் செய்தார்கள்.

ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது

அசலை ஓட்டாதீர்கள், நகலை ஓட்டுங்கள்.

ஒளிராத டயலைத் திறப்பது

பழைய விமானக் கருவிகளின் டயல் இருட்டில் ஒளிரவில்லை என்றால் ஆபத்தில்லை என்று நினைக்கிறார்கள். செத்தது பூச்சில் ஒளிரும் பொருள் மட்டும். அதோடு கலந்திருக்கும், கதிர்வீச்சு வெளியிடும் ரேடியத்தின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 1600 வருடம். கண்ணாடியைத் தொடாதீர்கள்.

உதிரி இல்லாத பட்டன்

பார்வையாளர் அழுத்தும் பட்டன் உடையும். திறப்பு விழாவுக்கு முன்பே பத்து வாங்கி வையுங்கள்.

படம் எடுக்காமல் கழற்றுவது

சரி, அந்தப் பம்புக்கு வருவோம். உப்புத்தாளை வாங்கி வைத்துவிட்டுப் பஞ்சைக் கொடுத்தேன். பிசுக்கைத் துடைத்ததும் மூடியின் ஓரத்தில் பஞ்ச் உளியால் குத்திய மூன்று புள்ளிகள் தெரிந்தன. நேர் எதிரே உடலிலும் மூன்று. மூடியை எந்தப் பக்கம் திருப்பி மாட்டுவது என்று எந்த ஃபிட்டரோ வைத்த அடையாளம். தம்பி அதற்குள் ஸ்பேனரை எடுத்திருந்தார். முதலில் கேமராவை எடுக்கச் சொன்னேன்.