ஜிங் கேயின் கதையை வில்லிசையில் சொல்வது எப்படி

சனசமூக நிலைய ஆண்டு விழாவுக்கு வில்லிசைக் கதை தேடுகிறீர்கள் என்றால், அரிச்சந்திரனை இந்த முறை விட்டுவிட்டு ஜிங் கேயை எடுத்துப் பாருங்கள். கி.மு. 227இல் சின் நாட்டு அரசனைக் கொல்லப் போய், முடியாமல் செத்தவன். அந்த அரசன்தான் கி.மு. 221இல் சீனா முழுவதற்கும் முதல் பேரரசனானான்.

கதையைச் சந்தையில் தொடங்குங்கள். யான் நாட்டுத் தலைநகரில் நாய் இறைச்சி வெட்டுகிற ஒருவனோடும் காவோ ஜியன்லி என்ற இசைக்காரனோடும் ஜிங் கே குடித்துப் பாடி, பக்கத்தில் ஆளே இல்லாத மாதிரி அழுவானாம். காவோ வாசித்தது கோலால் தட்டுகிற நரம்பு வாத்தியம் என்பதால், உங்கள் கையிலிருக்கும் வீசுகோலே அதற்குப் போதும்.

ஜிங் கேயை அனுப்பிய யான் நாட்டு இளவரசன் தானின் பகை, சின் நாடு அயல்நாடுகளை ஒவ்வொன்றாக விழுங்கியது எல்லாவற்றையும் வசனத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சின் நாட்டிலிருந்து யானுக்குத் தப்பி வந்த ஃபான் வூஜி என்ற தளபதி, சின் அரசனிடம் காணிக்கையாகக் கொண்டுபோகத் தன் தலையையே கொடுத்த இடத்துக்கு ஒரு விருத்தம் போதும், முன்வரிசையில் சின்னப் பிள்ளைகள் இருப்பார்கள்.

அவசரப்படக் கூடாத இடம் யி ஆற்றங்கரை. வழியனுப்ப வந்தவர்கள் எல்லோரும் வெள்ளை உடுத்தியிருந்தார்கள். அதற்கு அர்த்தம் என்னவென்று எங்கள் ஆக்களுக்கு விளக்கத் தேவையில்லை. காவோ வாசிக்க, ‘காற்று ஓலமிடுது, யி ஆறு குளிருது, போகிற வீரன் திரும்பி வரான்’ என்று ஜிங் கே பாடினான். முதலில் சோகப் பண்ணில் பாடியபோது எல்லோரும் அழுதார்கள், அப்புறம் பண் மாறியதும் கேட்டவர்களின் கண்கள் சிவந்து தலைமயிர் சிலிர்த்தது என்று வரலாற்றாசிரியர் சீமா சியன் எழுதுகிறார். ஆகவே முகாரியில் தொடங்கி அடாணாவுக்கு மாறுங்கள், இரண்டுக்கும் நடுவில் உடுக்கு மட்டும் கொஞ்ச நேரம் தனியாக ஒலிக்கட்டும்.

அரண்மனைக் காட்சியில் வேகம் கூட வேண்டும். காணிக்கையாகக் கொண்டுபோன, சுருட்டிய வரைபடம் விரிய விரிய, கடைசியில் நஞ்சு தோய்த்த குறுவாள். ஜிங் கே பிடித்த சட்டைக்கை கிழிகிறது, அரசன் தூணைச் சுற்றி ஓடுகிறான், வாள் நீளம் என்பதால் உருவ வரவில்லை. சபையில் யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்பது சட்டம், அதனால் வைத்தியர் சியா வூஜூ மருந்துப் பையைத் தூக்கி எறிகிறார்! ‘வாளை முதுகுப்பக்கம் தள்ளுங்கோ அரசே!’ என்ற கூச்சலைப் பக்கப்பாட்டுக்காரர் எல்லோரும் சேர்ந்து போடட்டும். எறிந்த குறுவாள் தூணில் பட, தூணில் சாய்ந்தபடி ஜிங் கே சிரிப்பதைப் பாட்டில்லாமல் சொல்லுங்கள்.

அவனைத் தெய்வமாக்க வேண்டாம். அடுத்த வருடமே யான் தலைநகர் வீழ்ந்தது, தானைக் கொல்லச் சொன்னவன் அவனைப் பெற்ற தகப்பன். அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், சனம் விளங்கிக்கொள்ளும்.

காவோவுக்குக் கடைசியில் பத்து நிமிடமாவது வையுங்கள். கண்ணைக் குருடாக்கித் தன் முன்னால் வாசிக்கவைத்த பேரரசனை, ஈயம் நிரப்பிய வாத்தியத்தால் அவன் அடிக்கப் பார்த்தான், தவறியது, கொன்றுவிட்டார்கள். வாழிப்பாட்டை அதற்குப் பிறகு எடுங்கள்.