கனடா குடியுரிமை: மொழிச் சான்று சேலத்து வீட்டிலேயே இருக்கலாம்

கனடாவில் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவர், கையெழுத்திடும் நாளில் 18 முதல் 54 வயதுக்குள் இருந்தால், ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ கேட்கவும் பேசவும் தெரியும் என்பதற்குச் சான்று இணைக்க வேண்டும். வேண்டிய அளவு, அந்நாட்டு மொழி அளவுகோலில் நான்காம் நிலை. வாசிப்பும் எழுத்தும் கணக்கில் வருவதில்லை. 55 வயதோ அதற்கு மேலோ ஆன பெற்றோருக்கு இந்தச் சான்றே தேவையில்லை.

நிரந்தரக் குடியிருப்புக்காக முன்பு எழுதிய ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் முடிவு காலாவதியாகியிருந்தாலும் குடியுரிமைக்குச் செல்லும். ஆனால் அது பொதுப் பிரிவாக (ஜெனரல் ட்ரெய்னிங்) இருக்க வேண்டும், கேட்டலில் 4.5, பேச்சில் 4.0 மதிப்பெண்ணாவது பெற்றிருக்க வேண்டும். மேற்படிப்புக்கான அகாடமிக் பிரிவு ஏற்கப்படாது. இதைக் கவனிக்காமல் அனுப்புவோர் உண்டு.

தேர்வே எழுதாதவர்கள் உடனே பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டிவிட வேண்டாம். ஆங்கில வழியில் முடித்த மேல்நிலைப் படிப்போ பட்டமோ, இந்தியாவில் பெற்றதானாலும், சான்றாகும். சேலத்து அஸ்தம்பட்டியிலோ ஏற்காட்டிலோ உள்ள வீட்டு ட்ரங்குப் பெட்டியிலிருந்து மதிப்பெண் பட்டியலை எடுக்கச் சொல்லி, பயிற்று மொழி ஆங்கிலம் என்று அதில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். 'ஆங்கிலம்' என்ற பாடத்தின் மதிப்பெண் மட்டும் போதாது. அந்தக் குறிப்பு இல்லையென்றால், படித்த நிறுவனத்திடம் பயிற்று மொழியைக் குறிப்பிட்டு எழுத்துமூலச் சான்று கேளுங்கள். பெரியார் பல்கலைக்கழகம் 1997இல்தான் தொடங்கப்பட்டது என்பதால், அதற்கு முன் சேலத்துக் கலைக் கல்லூரிகளில் பட்டம் பெற்றவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தை அணுக நேரும். அதற்கு நாட்கள் பிடிக்கும்.

சான்று இருந்தாலும் நேர்காணலில் அதிகாரி உங்கள் பேச்சையும் கவனிப்பார்.