துருப்பிடித்த பழைய கார்: சேஸிஸையும் ஸ்டீயரிங்கையும் குறைந்த செலவில் சரிசெய்ய

ஸ்டீயரிங் ஆடுகிறது என்றதும் ஸ்டீயரிங் பாக்ஸை (வீலின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பல்சக்கரப் பெட்டி) மாற்றக் கிளம்பிவிடாதீர்கள். அந்த பாக்ஸ் சேஸிஸில், அதாவது காரின் அடிச்சட்டத்தில்தான், போல்ட் போட்டு நிற்கிறது. போல்ட் உட்காரும் தகடு துருவில் மெலிந்திருந்தால் புது பாக்ஸும் அப்படியேதான் ஆடும். அதனால் முதலில் சேஸிஸ், பிறகு ஸ்டீயரிங். வரிசை மாறினால் ஒரே வேலைக்கு இரண்டு முறை செலவாகும்.

துருவைத் தேடுதல்

உள்ளே வெற்றிடமுள்ள பெட்டிச் சட்டங்கள் உள்ளிருந்துதான் அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்றே இருக்கும். ஸ்பிரிங் ஹேங்கர் (ஸ்பிரிங் சட்டத்தில் மாட்டும் இடம்), பாடி மவுண்ட் (பாடி சட்டத்தில் உட்காரும் இடம்), பேட்டரித் தட்டின் அடி, ஸ்டீயரிங் பாக்ஸ் நிற்கும் இடம் ஆகியவற்றை முதலில் பாருங்கள். தனி சேஸிஸ் இல்லாத கார் என்றால் கதவுக்கு அடியில் ஓடும் பெட்டிச் சட்டமும் ஜாக்கி வைக்கும் இடமும்தான் முதலில் போகும். பழைய தார்ப்பூச்சைச் சுரண்டிவிட்டுச் சிறிய சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், அரித்தது மொத்தையாக ஒலிக்கும். சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூடிரைவர் நுனியை அழுத்துங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் யாரோ பட்டி வைத்து ஓட்டையை மூடியிருக்கிறார்கள்.

வெட்டுவதற்கு முன்

ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகவே கூடாது, ஸ்டாண்டு கட்டாயம். சட்டம் தொய்யாதபடி சஸ்பென்ஷன் பக்கத்தில் தாங்கு கொடுங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள். பெட்ரோல் டேங்கை இறக்கி வெளியே கொண்டுபோங்கள், காலி செய்தால் மட்டும் போதாது; காலி டேங்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும். கார்ப்பெட்டும் வயரிங்கும் விலகியிருக்கட்டும், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இருபுறமும் ஒரே மாதிரி உள்ள நான்கு புள்ளிகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் குறியிட்டு, மூலைவிட்டங்களை அளந்து எழுதி வையுங்கள். இரண்டுக்கும் 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் சட்டம் கோணியிருக்கலாம். அதை நேர்செய்யாமல் ஒட்டுப் போட்டால் கோணலே நிரந்தரமாகிவிடும். கதவடிச் சட்டத்தை வெட்டுவதாக இருந்தால் கதவுத் திறப்பின் குறுக்கே ஒரு கம்பியை முட்டுக்கொடுத்து வெல்டு வைத்த பிறகே வெட்டுங்கள். இல்லாவிட்டால் கதவு மூடாது.

ஒட்டுப் போடுதல்

துருவுக்கு மேல் தகட்டை ஒட்டினால் உள்ளே அரிப்பு தொடரும். கனம் குறையாத இரும்பு தெரியும்வரை வெட்டி எடுங்கள். அட்டையில் மாதிரி வெட்டிக்கொண்டு, அதே கனமுள்ள எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) தகட்டில் துண்டு தயாரியுங்கள். தனி சேஸிஸான ஏணிச் சட்டத்துக்குப் பெரும்பாலும் 2 முதல் 3 மி.மீ., கதவடிச் சட்டத்துக்கு 1 முதல் 1.2 மி.மீ. தேவைப்படும். மூலைகளை வளைவாக வெட்டுங்கள். கூரான மூலையில்தான் விரிசல் தொடங்கும். நீளச் சட்டத்துக்கு வலுவூட்டும் தகட்டைச் சதுரமாக வைக்காமல் வைர வடிவில் வையுங்கள். சட்டத்தின் குறுக்கே நேர்கோடாக ஓடும் வெல்டு பாரம் ஏறும்போது விட்டுவிடும்.

மிக் வெல்டிங்கில் (வயர் தானாக ஊட்டப்படும் வெல்டிங்) 1 மி.மீ. தகட்டுக்கு 0.6, தடிமனானதற்கு 0.8 மி.மீ. வயர். சாதாரண ராடு வெல்டிங் மெல்லிய தகட்டில் ஓட்டை போட்டுவிடும். முதலில் 30–40 மி.மீ. இடைவெளியில் பொட்டு வையுங்கள். பிறகு பக்கம் மாற்றி மாற்றி, ஒரு தடவைக்கு 20–25 மி.மீ. மட்டும் இழுங்கள். சூடு ஒரே இடத்தில் ஏறினால் தகடு நெளியும். குளோரின் கலந்த கிளீனரால் துடைத்த இடத்தில் ஆர்க் அடிக்காதீர்கள், நச்சு வாயு உண்டாகும்.

வெல்டிங் கை பழகாதவர்கள் சுரண்டுவது, வெட்டுவது, துண்டைப் பொருத்துவது எல்லாவற்றையும் தாங்களே முடித்துவிட்டு, வெல்டு வைக்க மட்டும் தேர்ந்த ஆளை அழையுங்கள். கூலி மிச்சமாவது இங்கேதான். பாரம் தாங்கும் சட்டத்தில் பழகிப் பார்க்க வேண்டாம்.

வெல்டு ஆறியதும் எபாக்சி பிரைமர், பெயின்ட், பெட்டிக்குள் மெழுகுப்பூச்சு. துருமாற்றி திரவம் மேலோட்டமான துருவுக்கு மட்டுமே. நீர் வடியும் துளைகளை அடைத்துவிடாதீர்கள்.

ஸ்டீயரிங்

ஒருவர் வீலை இடம் வலமாகச் சிறிதாக ஆட்ட, இன்னொருவர் கீழே ஒவ்வொரு இணைப்பிலும் விரல் வைத்துப் பார்க்கட்டும். கம்பி அசைந்தும் அடுத்த பாகம் அசையாத இடத்தில்தான் தேய்மானம். ஸ்டீயரிங் காலம் (வீலிலிருந்து பாக்ஸுக்குப் போகும் தண்டு) கப்ளிங், பாக்ஸ் போல்ட், டிராப் ஆர்ம் (பாக்ஸிலிருந்து வெளிவரும் கை), டை ராட் எண்டு (சக்கரங்களைத் திருப்பும் கம்பியின் முனை மூட்டு) என்று வரிசையாகப் போங்கள். முன்சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் சக்கரம் திரும்பும் மூட்டான கிங் பின் அல்லது பால் ஜாயின்ட்.

டை ராட் எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் இடது மரை இருக்கும். அதன் டேப்பர் (கூம்பு வடிவ முனை) விடவில்லையா? அது நுழைந்திருக்கும் கண்ணின் (துளையின்) இருபுறமும் இரண்டு சுத்தியலால் ஒரே நேரத்தில் அடித்தால் விட்டுவிடும். ஸ்ப்ளிட் பின் துளை சேரவில்லை என்று நட்டைத் தளர்த்தாதீர்கள், இறுக்கியே சேருங்கள். டை ராட் எண்டைப் பழையதாக வாங்க வேண்டாம். ஸ்டீயரிங் ஆர்ம், டிராப் ஆர்ம் இரண்டையும் சூடாக்கி வளைக்கவோ வெல்டு வைக்கவோ கூடாது. சூடு பட்டால் இரும்பின் பதம் போய்விடும்.

பாக்ஸின் சரிசெய்யும் ஸ்க்ரூவுக்குக் கடைசியில்தான் வர வேண்டும். சக்கரம் நேராக இருக்கும்போது, ஆட்டம் குறையும்வரை கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பாக்ஸ் நடுவில்தான் அதிகம் தேயும், அதனால் நடுவில் முழு ஆட்டத்தையும் எடுத்தால் திருப்பத்தில் இறுகிவிடும். இரு முனைவரையும் திருப்பிப் பாருங்கள். எங்காவது பிடித்தால் சற்றுத் தளர்த்துங்கள். எண்ணெய் குறைந்திருந்தால் காரின் கையேடு சொல்லும் எண்ணெயை ஊற்றுங்கள். கசியும் சீலை மாற்றாமல் உள்ளே கிரீஸ் அடைத்தால் பற்களுக்குப் போய்ச் சேராது.

முடிவில் டோ-இன், அதாவது முன்சக்கரங்கள் முன்பக்கம் சற்று உள்நோக்கியிருக்கும் அளவு. டயரின் பின்பக்கம் அச்சு உயரத்தில் இருபுறமும் குறியிட்டு அளந்து, சக்கரம் அரைச் சுற்று உருளும்படி காரை முன்னே தள்ளி, அதே குறிகளை முன்பக்கம் அளங்கள். முன் அளவு எவ்வளவு குறைகிறதோ அதுதான் டோ-இன். பல பின்சக்கர இயக்கக் கார்களுக்கு 1.5–3 மி.மீ., உங்கள் காருக்குக் கையேட்டில் உள்ளதே சரி. இருபுற டை ராடையும் சம அளவு திருப்பினால்தான் ஸ்டீயரிங் வீல் நேராக நிற்கும். மெதுவாகச் சிறிது தூரம் ஓட்டிவிட்டு வந்து, பாக்ஸ் போல்ட்டுகளையும் லாக் நட்டுகளையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.